சரி ஆச்சி என்று சொன்ன டீச்சர்

உங்கள் ஆறு பேரையும் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆளுக்கொரு மடிக்கணினி, பளபளவென்று உறை போட்ட படங்கள், எந்தப் பாடம் எத்தனை நிமிடம் என்று கட்டம் போட்ட அட்டவணை. முதல் அணிப் பெண்களுக்கு நான் பாடம் எடுத்தபோது என்னிடம் இருந்தது ஒரு கரும்பலகை, ஒரு கால் ஆடுகிற கட்டில், அரசு மருத்துவமனையில் முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்து வாங்கிய ஏச்சு, இவ்வளவுதான். உங்கள் அட்டவணையில் தேநீர் இடைவேளைக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பன்னிரண்டை யார் கண்டுபிடித்தது என்று பிறகு என்னிடம் தனியாகச் சொல்லுங்கள்.

கிண்டல் செய்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. புதிதாகப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். நல்ல வார்த்தை என் கையிருப்பில் அவ்வளவாக இல்லை. நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்த வீட்டுப் பராமரிப்புச் சேவை தொடங்கியபோது காரைக்குடியில் ஒரு மருந்துக்கடை மாடியில் இரண்டே அறைதான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் வயதான இருவர் மட்டும் இருக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அங்கே நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண்களை அனுப்புவது திட்டம். பன்னிரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். சிலர் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கியவர்கள், சிலர் வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள். பயிற்சி கொடுக்க ஆள் தேடியபோது, ஓய்வு பெற்று நாலு மாதமாக வீட்டில் கணவரின் காபிக்குச் சர்க்கரை அளந்துகொண்டிருந்த என்னைப் பிடித்தார்கள். அன்றைக்கு என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் என் கணவர்.

எனக்குப் பாடம் எடுக்கத் தெரியும் என்றுதான் நினைத்தேன். எனக்கு அமைந்த ஆசிரியை அப்படி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வார்டில் ஒரு தலைமை நர்ஸ் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் எதைச் சொன்னாலும் நாங்கள் "சரி சிஸ்டர்" என்போம். உடனே திரும்பி, "எது சரி?" என்று கேட்பார். இந்த மருந்தை இந்த நோயாளிக்கு ஏன் கொடுக்கிறோம், கொடுக்காவிட்டால் என்ன ஆகும், கொடுத்தால் என்ன தப்பு நடக்கலாம் என்று மூன்றையும் சொன்னால்தான் நகரவிடுவார். ஊசி போடப் போகிற அவசரத்தில் இப்படி நிற்கவைத்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். அவர் மாற்றலாகிப் போன அன்று நாங்கள் சேர்ந்து கேசரி வாங்கிச் சாப்பிட்டோம்.

நான் டீச்சரான பிறகு அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்கவில்லை. காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டு பேர் ஒரே குரலில் "சரி டீச்சர்" என்று சொல்லும்போது காதுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. வீட்டில் அந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரில் வசந்தா என்று ஒருத்தி. இளையாத்தங்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம், ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தவள். மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள், இந்த வேலை நிலைக்காவிட்டால் கடைக்கே திரும்பிவிடுகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒரு தடவை காட்டினால் போதும், அச்சாக அப்படியே செய்வாள். எதிர்த்து ஒரு பேச்சு கிடையாது. இன்னொருத்தி எதற்கெடுத்தாலும் "ஏன் டீச்சர்?" என்பாள். அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். முதலில் வந்த வீட்டுக்கு யாரை அனுப்புவது என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. வசந்தா என்றேன்.

நோயாளியின் வீட்டார் கேட்கக்கூடாததைக் கேட்டால் எப்படி மறுப்பது என்பதற்கும் ஒரு வகுப்பு எடுத்தேன். உங்கள் அட்டவணையிலும் இருக்கிறது, பார்த்தேன். நான் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு வீட்டு ஆச்சியாக உட்காருவேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, "வேண்டாம் ஆச்சி, டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காக" என்பார்கள். நான் உடனே, "அப்படியாத்தா, சரி" என்று தலையாட்டுவேன். எல்லோரும் தேறினார்கள். அப்படி ஒரு சாதுவான ஆச்சியைச் செட்டிநாட்டில் எந்த ஊரிலும் பார்த்திருக்க முடியாது.

நிஜ ஆச்சி பள்ளத்தூரில் இருந்தார். அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, பேச்சுக் குழறி, விழுங்குவதிலும் சிரமம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் கேட்டார்கள். உணவைக் குழைவாகக் கரைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைத் தாழ்த்தி, சிறு கரண்டியால் ஒவ்வொரு வாயாகக் கொடுக்க வேண்டும். தப்பினால் மூச்சுக்குழாயில் போய்விடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாடம், நான் விளக்கப் போவதில்லை.

முதல் நாள் நானே வசந்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆச்சிக்கு ஒரே குழப்பம். "இந்தப் பிள்ளை நர்ஸா, வீட்டு வேலைக்கு வந்ததா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். "ரெண்டும் இல்லாட்டி எங்குட்டு உக்காந்து சாப்பிடும்?" என்றார். பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று கடைசியில் அவரே முடிவு செய்தார். போகிறபோது வாசல்வரை வந்து, "எங்க வீட்டுல சரியா இருந்துச்சுன்னா எங்க பங்காளிக வீடு நாலஞ்சுல கேப்பாக. சரியில்லாட்டியும் சொல்லிருவேன், அதுக்கும் வருத்தப்படக் கூடாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அது ஒரே வாரத்தில் நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுக்காரர்களிடமும் போய்விடும். மருந்துக்கடை மாடியைக் காலி செய்துவிட்டு நானும் சர்க்கரை அளக்கப் போய்விடலாம். பன்னிரண்டு பெண்களும் விட்டு வந்த வேலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. வசந்தா தினமும் காலையில் பெரியவரின் வலது கையை நீவிப் பயிற்சி கொடுத்தாள். நான் எழுதிக் கொடுத்த தாளைச் சுவரில் ஒட்டி, அதில் உள்ளபடி ஒரு வரி பிசகாமல் செய்தாள். மாலையில் என்னைக் கூப்பிட்டு ஒப்பிப்பாள். நான் சொன்னதற்கெல்லாம் "சரி டீச்சர்" என்பாள். என் தேர்வை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அப்போது பிள்ளையார் நோன்பு வந்தது. உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். திருக்கார்த்திகை முடிந்து இருபத்தோரு நாள் நகரத்தார் வீடுகளில் நோன்பு இருப்பார்கள். கடைசி நாள் மாலையில், சேர்த்துவைத்த இருபத்தொரு நூல் இழைகளைத் திரியாக்கி, வெல்லம் போட்டுப் பிசைந்த மாவில் செருகி, சுடர் ஏற்றி, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் கையால் கொடுப்பார். வாங்குகிறவர் சுடரோடு வாயில் போட்டு விழுங்க வேண்டும். இதற்கு இழை எடுப்பது என்று பெயர். அந்த வீட்டு வழக்கம், பெரியவர் முதலில் தான் எடுத்துக்கொண்டு, பிறகு மற்றவர்களுக்குக் கொடுப்பது. அவர் எடுக்காமல் யாரும் எடுத்ததில்லை.

மாவு எவ்வளவு கெட்டி, எப்படி ஒட்டும் என்று உங்களுக்குத் தெரியும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் கொடுக்கக் கூடாத பொருள் எதுவென்று என்னைக் கேட்டிருந்தால் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பேன். என் தாளில் இது இல்லை. இட்லி, முறுக்கு, வாழைப்பழம் எல்லாம் இருந்தது. இழை இல்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு மார்கழியில் நோன்பு வரும் என்பது ஞாபகமில்லை.

மாலை ஆறரை மணிக்கு வசந்தா கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"டீச்சர், அய்யாவுக்கு இழை குடுக்கப் போறாக. மெட்ராஸ்லருந்து பெரிய மகன் குடும்பம் வந்திருக்காக. சிங்கப்பூர்ல உள்ள மகன் போன்ல வீடியோவுல நிக்கிறாக. நேரம் போகுதுங்கிறாக. நான் என்ன செய்ய?"

"கொடுக்க விடாதே. கூடவே கூடாது. நான் சொன்னேன்னு சொல்லு" என்றேன்.

"சொன்னேன் டீச்சர். ஆச்சி ஒங்ககிட்ட பேசணுமாம்."

ஆச்சி போனுக்கு வந்தார். "நாந்தேன் பேசுறேன். நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து இந்த வீட்டுல அவுக எடுக்காம யாரும் இழை எடுத்ததில்ல. எல்லாரும் என் முகத்தையே பாக்குறாக. ஒரு சுண்டக்கா அளவு உருட்டிக் குடுத்தா ஆகாதா? நீங்க படிச்சவுக. குடுக்கலாமா, வேண்டாமா, சொல்லுங்க" என்றார்.

நான் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவள். எத்தனையோ டாக்டர்களிடம் வாதாடியிருக்கிறேன். அன்றைக்கு என் தலைக்குள் என்ன ஓடியது தெரியுமா? பங்காளி வீடு நாலைந்து. ஒன்பது கோயில். மருந்துக்கடை மாடி. நோன்பைக் கெடுத்த டீச்சர் என்று ஊர் பேசும். பெரியவருக்கு இதுவே கடைசி நோன்பாக இருந்துவிட்டால் காலத்துக்கும் என்னைச் சொல்வார்களே என்பதும் ஓடியது. இத்தனையும் ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை, ஆனால் என் வாய் அதற்குள் வேலையை முடித்துவிட்டது.

"சரி ஆச்சி. பாத்து, கொஞ்சமா..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

நான் சமையலறையில் கையில் போனோடு நின்றேன். வகுப்பில் நான் நடித்த அந்தச் சாதுவான ஆச்சியைவிடச் சாதுவாக நானே ஆகிப் போனேன் என்று ஒரு நொடியில் புரிந்தது. திரும்பக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. செருப்பு மாட்டியும் மாட்டாமலும் தெருவுக்கு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். பள்ளத்தூர் போகிற வழியெல்லாம் நான் எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள். சாட்சாத் பிள்ளையாரைத்தான். உன் நோன்பை நான் தடுக்காமல் போய்விட்டேன், நீயாவது தடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். பயமும் வெட்கமும் சேர்ந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. என்ன நடந்தது என்று வசந்தா பாதியும் ஆச்சி பாதியும் சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன்.

என் குரல் போனுக்கு வெளியே வசந்தாவுக்கும் கேட்டிருக்கிறது. டீச்சர் சரி என்றாயிற்று, வீட்டார் சரி என்றாயிற்று, சுவரில் ஒட்டிய தாளில் ஒன்றும் இல்லை. சொன்னதைச் செய்கிறவளுக்கு இனி வேலை சுலபம்தான். ஆனால் மகன் இழையைக் கொண்டுவந்து நீட்டியபோது, வசந்தா பெரியவரின் நாற்காலிக்கு முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் பார்க்க அவரிடம் கேட்டிருக்கிறாள்.

"அய்யா, காலையில கஞ்சி குடிக்கையில ஒங்களுக்கு எத்தன தடவ பொரை ஏறுச்சு?"

பெரியவர் இடது கையில் மூன்று விரலைக் காட்டினார்.

"இது கஞ்சிய விடக் கெட்டி அய்யா. தொண்டையில ஒட்டி நின்னுச்சுன்னா எனக்கு எடுக்கத் தெரியாது. என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

அவ்வளவு நேரமும் அவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று மகன், மருமகள், ஆச்சி, காரைக்குடியிலிருந்து நான், சிங்கப்பூரிலிருந்து இளைய மகன், இத்தனை பேரும் பேசியிருக்கிறோம். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. பேச்சுக் குழறியதால் அவருக்கு யோசனையும் குழறிவிட்டது என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது. அவர் சுடரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, வேண்டாம் என்றார். ஆச்சியைக் கைகாட்டினார்.

கொடுப்பதற்கு வலது கை வேண்டுமே. அவர் இடது கையால் கொடுக்க மாட்டார், அதை அங்கே யாரும் கேட்கவும் மாட்டார்கள். வசந்தா தன் உள்ளங்கையை அவர் வலது மணிக்கட்டுக்கு அடியில் வைத்துத் தூக்கிப் பிடித்தாள். அந்தக் கையால் அவர் முதலில் ஆச்சிக்குக் கொடுத்தார், பிறகு மகனுக்கு, மருமகளுக்கு. சிங்கப்பூர் மகன் அங்கே தானாக எடுத்துக்கொண்டு போனைப் பார்த்துக் கும்பிட்டாராம்.

நான் மூச்சிரைக்க உள்ளே போனபோது பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வசந்தா பால் கஞ்சியைச் சிறு கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். உட்காரு, உட்காரு என்றேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு தனியாக அவளிடம் கேட்டேன். "அவர் வேணும்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"குடுத்திருக்க மாட்டேன் டீச்சர். எல்லாருகிட்டயும் ஏச்சு வாங்கியிருப்பேன். வேலையும் போயிருக்கும்" என்றாள்.

"நான்தான் சரின்னு சொல்லிட்டேனே."

"கேட்டுச்சு டீச்சர். ஆனா கரண்டி என் கையிலதான இருக்கு."

என்னிடம் "சரி டீச்சர்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவள் இவள்தானா என்று பார்த்தேன். அவள் எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறாள். ஏன் என்று கேட்க நான்தான் இடம் கொடுக்கவில்லை. ஜவுளிக்கடையில் தினமும் நூறு பேர் முகத்தைப் பார்த்து, அவர்களுக்கு வேண்டியது எது, வாய் கேட்பது எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றவளுக்கு, நான் இரண்டு மாதம் தலையாட்டப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். நல்லவேளை, அந்தப் பாடத்தை மட்டும் அவள் சரியாகப் படிக்கவில்லை.

ஆச்சி ஒரு தட்டில் பொரியும் கருப்பட்டிப் பணியாரமும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கண் சிவந்திருந்தது. கோபமாக இருப்பார், வசந்தாவை அனுப்பிவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபமாகத்தான் இருந்தார், ஆனால் வசந்தா மேல் இல்லை.

"நீங்க ஏன் சரின்னு சொன்னீக?" என்றார்.

நான் தட்டைப் பக்கத்தில் வைத்தேன். ஆச்சி விடவில்லை.

"நான் குடுக்கப் போறேன்னு சொல்லலை. குடுக்கலாமா வேண்டாமான்னுதான் கேட்டேன். மகன் ஒரு பக்கம், மருமக ஒரு பக்கம், என்னால வேண்டாம்னு சொல்ல முடியலை. நீங்க சொன்னா கேட்டுக்குவாகன்னுதான் ஒங்களக் கூப்பிட்டேன். ஒங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே ஏன் சரின்னீக?"

"பயமா இருந்துச்சு ஆச்சி" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அந்தப் பிள்ளைக்குப் பயமில்லையா? அவுக கையைப் பிடிக்கையில அதோட கை நடுங்குச்சு. நான் பக்கத்துலருந்து பாத்தேன். நடுங்கிக்கிட்டுத்தான் கேட்டுச்சு" என்றார். பிறகு, "பணியாரம் ஆறுது, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெரியவர் அதற்குப் பிறகும் இரண்டு நோன்புக்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் இழை கொடுத்தார். பங்காளி வீடுகளிலிருந்து ஆள் கேட்டு வந்தார்கள். நான் முதலில் அனுப்பியது யாரை என்று நீங்களே யூகித்திருப்பீர்கள், அந்தக் கடைசி வரிசைக்காரியைத்தான். அவள் போன வீட்டில் முதல் நாளே ஏன் என்று கேட்டு மருந்துச் சீட்டில் இருந்த ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். அது வேறு கதை.

இதிலிருந்து நீங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதிக்கொள்ளப் பேனாவை எடுக்கிறீர்கள், பார்க்கிறேன். வேண்டாம், வையுங்கள். நான் சொன்னதை எழுதிக்கொண்டு தலையாட்டினால் இவ்வளவு நேரம் பேசியது வீண். நான் சொன்னதில் உங்களுக்கு ஒப்பாதது எதுவோ அதை யோசித்துவைத்துக்கொள்ளுங்கள். நாளை காலை பத்து மணிக்கு உங்களுக்கு வகுப்பெடுக்க வருகிறவர் வசந்தா. அவர் முடித்ததும் நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து "சரி மேடம்" என்று சொன்னீர்களானால், ஒவ்வொருவராக நிறுத்தி வைத்து, எது சரி என்று கேட்பார். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகும், காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.